இடது முன்பக்கம் ‘டொக் டொக்’: நாலு அப்சார்பரும் மாத்தச் சொல்றாங்க, மாத்தணுமா?

ஈசூன்காரன் | திங்கள், இரவு 10.12

எல்லாருக்கும் வணக்கம். வண்டி ஜப்பான் செடான், 1.6, வயசு 11. ஓடினது 148,000 கிலோமீட்டர். போன வருஷம் சிஓஇ-யை (சிங்கப்பூர்ல வண்டி வச்சுக்கிறதுக்கான உரிமம்) 5 வருஷத்துக்குப் புதுப்பிச்சேன். 5 வருஷம் எடுத்தா அதுக்கு மேல நீட்டிக்க முடியாது, அதனால இந்த வண்டியை அது போற வரைக்கும் நல்லா வச்சுக்கணும்னு நினைக்கிறேன்.

ஒரு மாசமா இடது முன் சக்கரத்துப் பக்கம் ‘டொக் டொக்’னு சத்தம். நேத்து பட்டறைக்குக் கொண்டு போனேன். பானெட்டை ரெண்டு தடவை கையால அமுக்கிப் பார்த்தார், “அப்சார்பர் (சக்கரத்தோட குலுக்கலை அடக்குற பாகம்) போச்சு, நாலும் மாத்திடுங்க, 980 வெள்ளி”ன்னார். வண்டியைத் தூக்கிப் பார்க்கவே இல்ல.

தீபாவளிக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஈப்போ போறோம். போக வர 1,100 கிலோமீட்டருக்கு மேல. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், 110-ல போறப்ப ஏதாவது ஆயிடக் கூடாதுங்கிறதுதான் பயம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டாக்சி_அண்ணே | திங்கள், இரவு 10.40

தம்பி, சத்தம் எங்கன்னு சொல்லிட்டீங்க, எப்பன்னு சொல்லலையே. சின்னச் சின்ன மேடு பள்ளத்துலயா, பெரிய ஹம்ப்லயா? பிரேக் பிடிக்கிறப்பவா? நின்ன இடத்துல ஸ்டியரிங் திருப்பினா வருதா? ரிவர்ஸ் எடுத்து பிரேக் போட்டா வருதா? இதெல்லாம் தெரியாம யாரும் பாகத்துப் பேரைச் சொல்ல முடியாது.

ஈசூன்காரன் | திங்கள், இரவு 10.58

அண்ணே, மெதுவாப் போறப்பதான் அதிகம். எங்க புளோக் பக்கத்துல ரோடு வெட்டி மூடின இடம் இருக்கு, அதுல 20, 30 வேகத்துல போனா ‘டொக் டொக் டொக்’. எஸ்எல்இ விரைவுச்சாலையில 90-ல போறப்ப ஒண்ணும் கேட்கல. ரிவர்ஸ்ல எப்பவாவது ஒரே ஒரு ‘தொம்’. அது வேற சத்தம் மாதிரி இருக்கு.

பழைய_வண்டிப்_பிரியன் | திங்கள், இரவு 11.15

11 வருஷ வண்டிக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேணாம். அப்சார்பர், அதை மேல பிடிக்கிற மவுண்டிங், சக்கரத்தைக் கீழ இருந்து பிடிக்கிற லோயர் ஆர்ம், லிங்க், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற டை ராட் எண்ட் எல்லாத்தையும் ஒரே தடவையில மாத்திடுங்க. நான் அப்படித்தான் செஞ்சேன், 2 வருஷமா நிம்மதி. கூலியும் ஒரு தடவைதான்.

ஸ்பேனர்14 | செவ்வாய், காலை 6.50

காக்கி புக்கிட் பக்கம் 20 வருஷமா இந்த வேலைதான் பார்க்கிறேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

பானெட்டை அமுக்கிப் பார்க்கிறது பழைய காலத்துப் பழக்கம். அப்சார்பர் முழுசா செத்துப் போயிருந்தா வண்டி மூணு நாலு தடவை ஆடும், அது தெரியும். பாதி போன அப்சார்பர் அந்தச் சோதனையில பாஸ் ஆயிடும். நல்ல அப்சார்பரோட ரப்பர் இறுகியிருந்தாலும் நம்ம கைக்கு வேற மாதிரி தோணும். அதை வச்சு 980 வெள்ளி கேட்கிறது சரியில்ல.

உங்க சத்தத்துக்கு முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க். காரணத்தைச் சொல்றேன், புரிஞ்சுக்கிட்டா நீங்களே சோதிக்கலாம். ஸ்டெபிலைசர் பார்ங்கிறது இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கிற ஒரு இரும்புக் கம்பி. ரெண்டு சக்கரமும் ஒண்ணாத் தூக்கினா அது சும்மா சேர்ந்து சுழலும், முறுக்கம் எதுவும் ஏறாது. ஒரு சக்கரம் மட்டும் ஏறி மத்தது ஏறாம இருந்தாத்தான் முறுக்கும். அந்த முறுக்கம், கம்பியைச் சக்கரத்துப் பக்கம் மாட்டுற லிங்க் வழியாத்தான் போகும். லிங்கோட உருண்டைத் தலை தேஞ்சிருந்தா அப்பத்தான் தட்டும்.

அதனால இன்னைக்கு இப்படிச் செய்யுங்க. கண்ணாடியை இறக்கிட்டு, ரேடியோவை நிறுத்திட்டு, கார்பார்க் ஹம்ப்ல ஒரு தடவை நேரா ஏறுங்க, ரெண்டு சக்கரமும் ஒரே நேரத்துல படணும். அடுத்த தடவை அதே ஹம்ப்ல சாய்வா, ஒரு சக்கரம் முதல்ல ஏறுற மாதிரி போங்க. நேரா ஏறினா அமைதி, சாய்வா ஏறினா ‘டொக்’னா, லிங்க் இல்லன்னா ஸ்டெபிலைசர் புஷ் (கம்பியைப் பிடிச்சிருக்கிற ரப்பர்). ரெண்டு விதத்துலயும் சத்தம் வந்தா அப்சார்பர், மேல் மவுண்டிங், லோயர் ஆர்ம் பக்கம் தேடலாம்.

அந்த ரிவர்ஸ் ‘தொம்’ தனிச் சமாச்சாரம். எனக்கு அதுதான் அதிக கவலை. பிறகு சொல்றேன், கடை திறக்கணும்.

பொங்கோல்_வாசி | செவ்வாய், காலை 9.05

என் அனுபவம் ஒண்ணு. என்னோடது கொரியா வண்டி, எலெக்ட்ரிக் ஸ்டியரிங். நின்ன இடத்துல ஸ்டியரிங்கை லேசா இடது வலது ஆட்டினா ‘டக் டக்’னு கைக்கே தெரியும். ஒரு இடத்துல ஸ்டியரிங் ரேக்கே (சக்கரத்தைத் திருப்புற பாகம்) மாத்தணும்னு சொன்னாங்க, விலையைக் கேட்டு அழுதுட்டேன். ரெண்டாவது இடத்துல ஒரு அண்ணன் டாஷ்போர்டுக்குக் கீழ குனிஞ்சு, ஸ்டியரிங் கம்பத்தைக் கையால பிடிச்சுப் பார்த்தார். மோட்டாருக்கும் கம்பத்துக்கும் நடுவுல ஒரு சின்ன ரப்பர் கப்ளிங் இருக்கு, அது தூள் தூளா உதிர்ந்து போயிருந்தது. உள்ளங்கையில வச்சுக் காட்டினார், கருப்பட்டித் துண்டு மாதிரி நொறுங்கிக் கிடந்தது. பாகத்தோட விலை கொஞ்சம்தான், கம்பத்தைக் கழட்டி மாட்டுற கூலிதான் அதிகம்.

சத்தம் சக்கரத்துப் பக்கமா, காலடிப் பக்கமான்னு யாரையாவது வெளியில நிக்க வச்சுக் கேட்கச் சொல்லுங்க. உள்ளே உட்கார்ந்து கேட்டா எல்லாமே முன் சக்கரத்துல இருந்து வர்ற மாதிரிதான் இருக்கும்.

ஸ்பேனர்14 | செவ்வாய், மதியம் 1.20

பொங்கோல் அக்கா சொன்னது ரொம்ப முக்கியம். நல்ல ரேக்கைக் குப்பையில போட்டவங்களை நான் பார்த்திருக்கேன்.

பழைய வண்டிப் பிரியன் அண்ணே, தப்பா நினைக்காதீங்க, மொத்தமா மாத்துறதுல எனக்கு ஒப்புதல் இல்ல. போன மாசம் ஒருத்தர் வந்தார், வேற இடத்துல நாலு அப்சார்பரும் புதுசாப் போட்டிருக்கார், சத்தம் அப்படியே இருந்தது. லிங்க் ரெண்டையும் மாத்தினேன், முக்கால் மணி நேரம், சத்தம் போச்சு. அவர் கழட்டிப் போட்ட பழைய அப்சார்பர்ல ஒண்ணுமே இல்லாம இருந்திருக்கலாம். மொத்தமா மாத்துறதுல இன்னொரு கஷ்டமும் இருக்கு. விலை கட்டுப்படியாகணும்னு மட்டமான பாகம் போடுவாங்க. 555, சிடிஆர் மாதிரி நல்ல கம்பெனிப் பொருளா ரெண்டு மூணு மட்டும் தேவையான இடத்துல போட்டா அது நாள்பட உழைக்கும்.

அப்சார்பரைப் பார்க்கிறது எப்படின்னும் சொல்லிடறேன். தண்டுல லேசா எண்ணெய்ப் பூச்சு, அதுல தூசி படிஞ்சிருந்தா பரவாயில்ல. எண்ணெய் வழிஞ்சு பாதி உடம்பு ஈரமா, அழுக்கு கெட்டியாக் களிம்பு மாதிரி ஒட்டியிருந்தா அது போயிடுச்சு. டயர்ல அங்கங்க குழி குழியா, வட்டமாச் சுத்தி வர்ற மாதிரி தேய்மானம் இருந்தாலும் அப்சார்பர் மேல சந்தேகப்படலாம். மாத்தினா ஒரே ஆக்சில்ல ரெண்டும் ஜோடியா மாத்தணும், நாலும் கட்டாயமில்ல.

ஈசூன்காரன் | செவ்வாய், இரவு 9.30

சோதிச்சுட்டேன்! நேரா ஏறினா சத்தமே இல்ல. சாய்வா, இடது சக்கரம் முதல்ல ஏறுற மாதிரி போனா ரெண்டு ‘டொக்’. பையனை வெளியில நிக்க வச்சேன், அவனுக்கும் கேட்டுச்சு. அப்ப லிங்க்தானே? அப்சார்பர்ல எண்ணெய் வழியல, தூசி மட்டும்தான்.

ஆனா டயரைத் தடவிப் பார்த்தேன். இடது முன் டயரோட உள் ஓரம் மட்டும் வழுவழுன்னு தேஞ்சிருக்கு. வெளியில இருந்து பார்த்தா நல்லாத்தான் தெரியுது. 4 மாசத்துக்கு முன்னாடிதான் வருஷாந்திரப் பரிசோதனையில பாஸ் ஆச்சு.

மெக்கானிக்கல்_படிச்சவன் | செவ்வாய், இரவு 10.05

பரிசோதனை அன்னைக்கு இருந்த நிலையைச் சொல்லும், 4 மாசம் கழிச்சு எப்படி இருக்கும்னு சொல்லாது. சக்கரம் பக்கவாட்டுல எவ்வளவு நழுவுதுன்னு பார்க்கிற சைடு ஸ்லிப் தகட்டுல மெதுவா நேராப் போறப்ப சரியா இருக்கிற வண்டி, பிரேக் அழுத்துறப்ப வேற மாதிரி நடந்துக்கும். தேய்ந்த புஷ் அப்படித்தான் ஒளிஞ்சுக்கும்.

டயரைத் தடவினது நல்ல காரியம். இன்னொரு தடவை தடவுங்க, இந்த முறை குறுக்கா. உள்ளங்கையை டயர் மேல வச்சு உள் ஓரத்துல இருந்து வெளிப்பக்கம் இழுங்க, பிறகு வெளியில இருந்து உள்ளே. ஒரு பக்கம் வழுக்கி, திரும்பி வர்றப்ப ரம்பம் மாதிரி உறுத்தினா டோ (மேல இருந்து பார்த்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கிற கோணம்) சரியில்லன்னு அர்த்தம். உறுத்தலே இல்லாம உள் ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா கேம்பர் (முன்னால இருந்து பார்த்தா சக்கரம் சாஞ்சிருக்கிற கோணம்) பக்கம் பார்க்கணும்.

ஈசூன்காரன் | செவ்வாய், இரவு 10.31

ஆமா, ரம்பம் மாதிரி உறுத்துது. வெளிப்பக்கம் இழுக்கிறப்ப வழுக்குது, உள்ளே வர்றப்ப பிடிக்குது.

ஸ்பேனர்14 | செவ்வாய், இரவு 11.10

இப்ப அந்த ‘தொம்’முக்கு வர்றேன். மெதுவா ரிவர்ஸ் போய் சட்டுன்னு பிரேக், பிறகு முன்னால போய் சட்டுன்னு பிரேக். ஒவ்வொரு திசைக்கும் ஒரே ஒரு ‘தொம்’ வந்தா லோயர் ஆர்மோட பின் புஷ் கிழிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். பிரேக் பிடிக்கிறப்ப சக்கரம் பின்னால தள்ளப்படுது, ஆர்மைப் பிடிச்சு நிறுத்த வேண்டிய ரப்பர் விட்டுக் கொடுக்குது, சக்கரத்தோட கோணம் மாறுது. டயர் உள் ஓரம் தேயுறதும் அதோட ஒத்துப் போகுது. சில வண்டிகள்ல அந்த புஷ்ஷுக்குள்ள திரவம் இருக்கும், கிழிஞ்சா ஆர்ம் மேல கறுப்பா எண்ணெய்க் கறை தெரியும்.

இன்னொண்ணும் இருக்கு, லோயர் ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கிற பால் ஜாயின்ட். இதைத்தான் ஈப்போ போறதுக்கு முன்னாடி கட்டாயம் பார்க்கணும். லிங்க் உடைஞ்சா சத்தம் போடும், வளைவுல வண்டி கொஞ்சம் அதிகமாச் சாயும், ஆனா சக்கரம் இருந்த இடத்துல இருக்கும். பால் ஜாயின்ட் கழண்டா சக்கரம் வெளிப்பக்கம் மடங்கி விழும், ஸ்டியரிங் உங்க கையில இருக்காது. டை ராட் எண்ட் கழண்டாலும் அப்படித்தான், ஒரு சக்கரம் அது பாட்டுக்குத் திரும்பும். மத்த எதையும் தள்ளிப் போடலாம், இந்த ரெண்டையும் ஒரு நாள் கூடத் தள்ளாதீங்க.

கார்பார்க்ல ஜாக் போட்டு வேலை பார்க்காதீங்க, அனுமதியும் இல்ல, ஆபத்தும் கூட. கண்ணால பாருங்க, போதும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாத் திருப்பி எஞ்சினை அணைச்சுட்டு, சக்கரத்துக்குப் பின்னால கைப்பேசி வெளிச்சம் அடிங்க. டை ராட் எண்ட்லயும் பால் ஜாயின்ட்லயும் சின்ன ரப்பர்த் தொப்பி இருக்கும். வெடிச்சு கிரீஸ் வெளியில வந்திருந்தா, உள்ள தண்ணி போயாச்சு. நம்ம ஊர் மழைக்கு அப்புறம் அது ரொம்ப நாள் தாங்காது.

டாக்சி_அண்ணே | புதன், காலை 5.40

ஒண்ணு சேர்த்துக்குங்க. ஓட்டறப்ப வேகத்தோட கூடுற ‘ஊஊ’ன்னு இரைச்சல் இருந்தா அது வீல் பேரிங். நீளமான வளைவுல இடது பக்கம் திரும்பறப்ப இரைச்சல் கூடினா பெரும்பாலும் வலது பேரிங், எடை அந்தப் பக்கம் சாயறதால. முழுசாத் திருப்பிக்கிட்டு நகர்றப்ப ‘டக் டக் டக்’னா டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். 90-ல ஸ்டியரிங் உதறினா முதல்ல வீல் பேலன்ஸ், பிரேக் போட்டா மட்டும் உதறினா டிஸ்க். இதுக்கெல்லாம் அப்சார்பர் மாத்தி யாரும் ஏமாறாதீங்க.

மெக்கானிக்கல்_படிச்சவன் | புதன், காலை 8.15

பட்டறையில தூக்கிப் பார்க்கறப்ப என்ன செய்யறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டா பக்கத்துல நின்னு கேட்கலாம்.

சக்கரத்தை 9 மணி, 3 மணி இடத்துல பிடிச்சு ஆட்டினா ஆட்டம் தெரிஞ்சா டை ராட் எண்ட் இல்ல ரேக் எண்ட். 12 மணி, 6 மணி இடத்துல ஆட்டம்னா பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். அதைப் பிரிக்க, உள்ளே ஒருத்தர் பிரேக்கை அழுத்திப் பிடிக்கட்டும். ஆட்டம் நின்னா பேரிங், நிக்காம இருந்தா பால் ஜாயின்ட்.

ஸ்டிரட் (அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒண்ணா இருக்கிற அமைப்பு) உள்ள வண்டியில ஜாக்கை சேசிஸ்ல போடணும், சக்கரம் தொங்கணும். ஆர்முக்குக் கீழ ஜாக் போட்டா ஜாயின்ட் அழுந்தி ஆட்டத்தை மறைச்சுடலாம். ஸ்பிரிங் கீழ் ஆர்ம்மேலயே உட்கார்ந்திருக்கிற வண்டிக்கு இது தலைகீழ், அங்கே ஆர்முக்குக் கீழதான் தாங்கணும். லிங்கைச் சோதிக்க ரெண்டு முன் சக்கரமும் ஒண்ணாத் தூக்கணும். ஒண்ணை மட்டும் தூக்கினா கம்பி முறுக்கிக்கிட்டு லிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கும், தேஞ்ச லிங்க் நல்ல லிங்க் மாதிரி நடிக்கும்.

டை ராட் எண்டுக்கு இதைவிட நல்ல சோதனை, சக்கரம் தரையில இருக்கிறப்பவே ஒருத்தர் ஸ்டியரிங்கை இடது வலது சின்னதா, வேகமா ஆட்டறது. மெக்கானிக் ஜாயின்ட் மேல விரலை வச்சிருப்பார். கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரல் நுனிக்குத் தெரிஞ்சுடும். ஸ்டியரிங் விளிம்புல வெறுமனே ஆடற அளவு 30 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னு பல ஜப்பான் வண்டிகளோட சர்வீஸ் புத்தகத்துல இருக்கும்.

பழைய_வண்டிப்_பிரியன் | புதன், காலை 9.50

ஸ்பேனர் சார் சொன்னதை யோசிச்சேன். எனக்கு டை ராட் எண்ட் மாத்தினப்ப பழசை யாரும் காட்டவே இல்ல. அடுத்த தடவை நின்னு பார்க்கிறேன். ஆனா ஒரே இடத்துல பிரிக்கிற பாகத்தைச் சேர்த்து மாத்துறது கூலி மிச்சம்ங்கிறதை இன்னும் சொல்றேன்.

ஸ்பேனர்14 | புதன், மதியம் 12.45

அதுல நியாயம் இருக்கு அண்ணே. லோயர் ஆர்ம் கழட்டினா அதோட பால் ஜாயின்டும் பார்த்து மாத்தறது சரி. அப்சார்பரைக் கழட்டினா மேல் மவுண்டிங்கும் பேரிங்கும் சேர்த்துப் போடறதும் சரி. ஒரே நரம்புல இருக்கிறதைச் சேருங்க. சம்பந்தமில்லாததைச் சேர்க்காதீங்க.

ஈசூன்காரன் | சனி, மாலை 6.20

இன்னைக்கு வேற பட்டறைக்குப் போனேன். முதல்லயே “தூக்கறப்ப நான் பக்கத்துல நிக்கலாமா?”ன்னு கேட்டேன், சரின்னு சொன்னார், ஹெல்மெட் கூடக் கொடுத்தார்.

ரெண்டு முன் சக்கரமும் தொங்கிக்கிட்டு இருக்கு. அவர் இடது லிங்கைக் கையால பிடிச்சு ஆட்டினார், அதே ‘டொக் டொக்’, நான் ஒரு மாசமாக் கேட்ட அதே சத்தம். எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு. பிறகு ஒரு நீளக் கம்பியை லோயர் ஆர்முக்கும் பின் புஷ்ஷுக்கும் நடுவுல வச்சு நெம்பினார். ரப்பர்ல அரை வட்டத்துக்குக் கிழிசல், நெம்பறப்ப வாய் திறந்து மூடுற மாதிரி விரிஞ்சுது.

அதுக்கப்புறம் அதே கம்பியைப் பால் ஜாயின்டுக்குக் கீழ கொடுத்தார். சக்கரம் மேல ஏறி இறங்குது, கொஞ்சமா, ஒரு நாணயத்தோட தடிமன் இருக்கும். தொப்பி பின்பக்கம் கிழிஞ்சிருக்கு, நான் கைப்பேசி வெளிச்சத்துல பார்த்தப்ப அந்தப் பக்கம் தெரியவே இல்ல. உள்ள கிரீஸ் இல்ல, துருப்பிடிச்ச செம்மண் நிறத் தண்ணி வடிஞ்சுது. இதுக்கு ஓட்டறப்ப சத்தமே வரல. அம்மாவைப் பின்னால உட்கார வச்சுக்கிட்டு இதுலயா ஈப்போ வரைக்கும் போயிருப்பேன்னு நினைச்சு அப்படியே நின்னுட்டேன்.

ரெண்டு பக்கமும் லிங்க், ரெண்டு பக்கமும் லோயர் ஆர்ம் பால் ஜாயின்டோட மாத்தச் சொல்லிட்டேன். அலைன்மெண்டும் (சக்கரக் கோணத்தைச் சரி பண்றது) சேர்த்து அந்த 980-ஐ விடக் குறைவுதான். அப்சார்பர் நல்லா இருக்குன்னு அவரே சொன்னார். நாளைக்கு வண்டி கிடைக்கும்.

ஸ்பேனர்14 | சனி, இரவு 8.05

கடவுள் புண்ணியம். நாளைக்கு எடுக்கிறப்ப ரெண்டு கேள்வி கேளுங்க.

முதலாவது, ஆர்ம் புஷ்ஷோட போல்ட்டை எப்ப இறுக்கினீங்கன்னு. சக்கரம் தொங்கறப்ப முழுசா இறுக்கிட்டா, வண்டி கீழ இறங்கின உடனே அந்தப் புது ரப்பர் முறுக்கிக்கும். அப்படியே முறுக்கின நிலையில ஓடி சீக்கிரம் கிழியும். போல்ட்டை லேசாப் பூட்டி, வண்டியோட எடை சக்கரத்துல ஏறின பிறகுதான் கடைசி இறுக்கு. நல்ல பாகம் போட்டும் ஒரு வருஷத்துல போச்சுன்னு வர்றவங்க கதை பெரும்பாலும் இதுதான்.

ரெண்டாவது, பால் ஜாயின்ட் நட்டுக்கு முள்ளாணி (நட்டு கழண்டு வராம துளை வழியா மாட்டுற சின்னக் கம்பி) போட்டிருக்கான்னு. துளை நேரா வரலன்னா நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் துளையைச் சேர்க்கணும், தளர்த்திச் சேர்க்கக் கூடாது. முள்ளாணி இல்லாத வகைன்னா புது லாக் நட் போடணும், பழசைத் திரும்பப் பூட்டக் கூடாது.

ஈசூன்காரன் | ஞாயிறு, மாலை 4.48

கேட்டேன். சிரிச்சுக்கிட்டே மறுபடி நாலு தூண் ஹாயிஸ்ட்ல ஏத்திக் காட்டினார், சக்கரம் தாங்கின நிலையிலதான் இறுக்கியிருக்கார், போல்ட் தலையில வெள்ளைக் கோடு போட்டிருந்தார். முள்ளாணியும் இருக்கு. அலைன்மெண்ட் சீட்டு கையில இருக்கு.

பழைய பால் ஜாயின்டை வாங்கிக்கிட்டு வந்தேன். புதுசை டப்பாவுல வச்சுத் தண்டைத் தள்ளிப் பார்க்க விட்டார், ரெண்டு விரலால தள்ளினா அசையவே மாட்டேங்குது. பழசைத் தூக்கிப் பிடிச்சா தண்டு தானாவே சாஞ்சு விழுது. பையன் அதைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறான்.

ரோடு வெட்டின இடத்துல போய் வந்தேன். சத்தம் இல்ல. ஸ்டியரிங் மட்டும் நேராப் போறப்ப கொஞ்சம் வலது பக்கம் சாஞ்சு இருக்கிற மாதிரி தோணுது.

ஸ்பேனர்14 | ஞாயிறு, மாலை 5.30

சாஞ்சிருந்தா விடாதீங்க. நாளைக்கே திரும்பிப் போய், ஸ்டியரிங்கை நடுவுல பூட்டி வச்சு இடது வலது டை ராட் ரெண்டையும் சமமாச் சரி பண்ணச் சொல்லுங்க. 15 நிமிஷ வேலை, காசு கேட்கக் கூடாது. உள் ஓரம் தேஞ்ச டயர்ல பட்டன், அதாவது மேல இருக்கிற வெட்டு, எவ்வளவு ஆழம் இருக்குன்னும் பாருங்க. தேய்மானக் குறிக்குப் பக்கத்துல வந்திருந்தா ஈப்போவுக்கு அதோட போக வேணாம்.

ஈசூன்காரன் | செவ்வாய், இரவு 9.15

ஸ்டியரிங் நேராயிடுச்சு, காசு வாங்கல. உள் ஓரம் குறியைத் தொட்டிருந்தது, முன் ரெண்டு டயரும் மாத்திட்டேன். வெள்ளிக்கிழமை விடிகாலை 4 மணிக்குக் கிளம்பறோம்.